தாய்வீட்டுத் தொகுப்பு

சிந்துஜா மழை கேட்டாள்.

"ஏனுங்க, இந்த ஊர்ல மழையே பெய்யாதா?"

திரையில் அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். வெளியே வழக்கம்போல் வெயில். குடித்தனம் விளையாட்டின் அடிப்படைப் பதிப்பில் ஒரு வீடு, ஒரு வாசல், ஒரு கேட், ஓயாத காலை வெயில், இவ்வளவுதான் உண்டு. மழை வேண்டுமென்றால் 'மழைக்காலம்' என்ற கூடுதல் தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும்.

"பெய்யும்," என்றான் நவநீதன்.

"எப்போ?"

"பாக்கலாம்."

"நீங்க பாக்கலாம்னா அது நடக்காதுன்னு அர்த்தம். அந்த வாடாமல்லிக் கலர் புடவைக்கும் இதேதான் சொன்னீங்க. கடைசியில நானே போய் எடுத்துட்டு வந்தேன்."

எந்தப் புடவை என்று அவனுக்குத் தெரியவில்லை. தலையாட்டி வைத்தான். அவள் தலைக்கு மேல் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அது சலிப்பின் அளவு. போன வாரம் மஞ்சளாக இருந்த கோடு இப்போது சிவந்து, நுனி எரிந்த திரி மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது.

சிந்துஜா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், எழவில்லை. அவன் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் மோட்டார்களை ஓடவிட்டுச் சோதிக்கும் பொறியாளன். ஓசையைக் கேட்டே எந்த மோட்டார் சீக்கிரம் புகையும் என்று சொல்லிவிடுவான். வீட்டில் மட்டும் எந்த ஓசையும் அவனை எட்டவில்லை. துக்கம் விசாரிக்க வந்த நண்பன் ஒருவன்தான் இந்த விளையாட்டைக் காட்டிக்கொடுத்தான். அவளுடைய கைப்பேசியைக் கொடுத்தால் குரலும் முகமும் பேச்சும் எடுத்து ஆளைச் செய்துவிடுவார்கள். அது கூடுதான். உள்ளே இட்டு நிரப்புவதற்குத் தொகுப்புகள். தொகுப்பு வாங்கினால் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது கேட்கும், நாம் நினைப்போம், அது படித்துக்கொள்ளும்.

கைப்பேசி அடித்தது. குடித்தனம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. எப்போதும் பேசும் லயா என்ற பெண்தான்.

"சார், சிந்துஜா மேடத்தோட சலிப்பு சிவப்புக்கு வந்துடுச்சு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"சிவப்பும் தீர்ந்துட்டா அவங்க கேட்டைத் திறந்துட்டு வெளியே போயிடுவாங்க சார். அதுக்கப்புறம் எங்களாலயும் கூப்பிட முடியாது."

"எங்க போவா?"

"வெளியே ஒண்ணும் கிடையாது சார்."

அவன் திரையைப் பார்த்தான். சிந்துஜா கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"ஏற்கெனவே மூணு வாங்கிட்டேன்," என்றான்.

"தெரியும் சார். அடுப்படி, பயணம், ஊடல். ஊடல் வாங்கினப்புறம் மேடம் எவ்வளவு உயிரோட்டமா ஆயிட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க."

உண்மைதான். அதற்கு முன்பு எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு சரி என்பாள். சகிக்கவில்லை. இப்போது சண்டை போடுகிறாள். ஆனால் தங்களுக்குள் நடந்த ஒரு சண்டைகூட அவன் நினைவில் இல்லை. சண்டை நடந்தது என்று தெரியும். ஏதோ செய்தித்தாளில் படித்தது போலத் தெரியும். வால்பாறைப் பயணப் படங்களைப் பார்த்தால் அவளோடு நிற்பவன் யாரோ நல்ல பையன் என்று தோன்றுகிறது.

"அதெல்லாம் இப்ப எங்கிட்ட இல்ல," என்றான். "உங்க பட்டை எடுத்துக்கிச்சு."

"மங்கலாகலாம்னு ஆரம்பத்துலயே சொல்லியிருக்கோமே சார். ஒரு ஞாபகத்தை நாம நினைச்சுப் பாக்கும்போது அது இளகும். இளகுன நேரத்துலதான் படிக்க முடியும். படிச்சப்புறம் சில பேருக்கு அது திரும்ப இறுகறதில்ல."

"யாருக்காவது இறுகியிருக்கா?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

"சொல்ல மாட்டீங்க."

"இப்ப உங்ககிட்ட ரெண்டு வழி இருக்கு சார்," என்றாள் அவள், குரல் மாறாமல். "மழைக்காலம் வாங்கலாம். உங்க தலையில மீதி இருக்கறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஒரு தொகுப்புக்குப் பத்தாது. இல்லன்னா தாய்வீடு."

"அது என்ன?"

"அவங்க பொறந்து வளர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால. பெரிய தொகுப்பு சார், ரொம்ப நாளைக்குச் சலிப்பே வராது. ஆனா அதுக்கு உங்க தலை பத்தாது. அம்மா வேணும். இருக்காங்கதானே?"

அவன் தொடர்பைத் துண்டித்தான்.

மழை ஒன்றுதான் அவனிடம் மீதி இருந்தது. அவிநாசி சாலை மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, நனைந்த கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் ஒதுங்கி நின்ற ஒரு மாலை. அவள் பின்னாலிருந்து ஈரக்கையைச் சட்டைக் காலருக்குள் விட்டுப் பிடரியில் வைத்தாள். அவன் அலறினான். பக்கத்தில் நின்ற பால்காரர் கேன் குலுங்கச் சிரித்தார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆறிவிட்டது. இது மட்டும் இன்னும் சில்லென்றிருந்தது. இதைக் கொடுத்தால் சிந்துஜாவுக்கு மழை கிடைக்கும். அவனுக்குப் பிடரி இருக்கும், கை இருக்காது.

வருடத் திதியன்று காலை மாமியார் வசந்தாமணி கோபியிலிருந்து வந்தாள். கூடையில் வாழை இலை, காய்கள், ஒரு சம்படத்தில் வெல்லம். பெரிய மகள் கோகிலவாணி மதியத்துக்குள் திருப்பூரிலிருந்து வந்துவிடுவாளாம். வந்ததும் வசந்தாமணி சிந்துஜாவின் படத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். வைக்கும்போதே அழத் தொடங்கினாள். வெங்காயம் அரியும்போதும் அழுதாள். இந்த ஒரு வருடத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

"மாப்ள, அவளுக்கு என்ன புடிக்கும்னு நீங்களே சொல்லுங்க. உங்க கையில குடுத்தப்புறம் எங்கூட எங்கீங்க இருந்தா. புடிச்சதைப் படைச்சாத்தான் திருப்தியாப் போவா."

நவநீதன் நினைவில் தேடினான். சமையல் சம்பந்தப்பட்ட இடம் முழுவதும் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அடுப்படித் தொகுப்புதான் அவன் முதலில் வாங்கியது.

"ஏனுங்க மாப்ள?"

"இருங்க அத்தை. அவளையே கேட்டுடலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் கை தொலைக்காட்சியை இயக்கிவிட்டது.

வசந்தாமணி விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள், பார்த்ததில்லை. திரையில் மகள் கூந்தலை உதறி முடிந்துகொண்டு திரும்பியதும், கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"சாமி," என்றாள். "கண்ணு. சிந்து."

சிந்துஜா திரைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள்.

"வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" பிறகு நவநீதனிடம், குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, இவங்க யாரு?" என்றாள்.

வசந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தொகுப்பு இன்னும் வாங்கல அத்தை," என்றான் நவநீதன். திரையைப் பார்த்து, "உனக்கு என்ன சமைக்கணும்?" என்று கேட்டான்.

"என்ன திடீர்னு கரிசனம்? உருளைக்கிழங்கு வறுவல், நல்லா முறுகலா. அப்புறம் சேமியாப் பாயசம். இது தெரியாதா உங்களுக்கு?"

வசந்தாமணி அழுகையை நிறுத்தினாள். மருமகனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவளுக்கா? சேமியாப் பாயசமா? புழு மாதிரி இருக்குதுன்னு சின்னதுலயே தட்டைத் தள்ளி உட்டுருவாளுங்க. இவளுக்குப் பாவக்காயுங்க மாப்ள. வாரத்துல ரெண்டு நாள் பாவக்காய் பொரிக்கலீன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. பந்தியில யாராச்சும் ஒதுக்கி வெச்சா அதையும் எடுத்துத் திங்கறவ."

"இங்க ஒரு நாளும் பாகற்காய் செஞ்சதில்ல அத்தை."

"உங்களுக்கு அந்த வாசமே ஆகாதுன்னு சொல்லியிருக்கா. அதனால உட்டுட்டாளாட்ட இருக்குது." கீழே கிடந்த கரண்டியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "உருளைக்கிழங்கும் பாயசமும் உங்களுக்குப் புடிச்சதுங்க. விருந்துக்கு வந்தப்ப ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. எனக்கு ஞாபகம் இருக்குது."

திரையில் சிந்துஜா இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நவநீதன் இப்போது வேறு மாதிரி பார்த்தான். இது அவன் தலையிலிருந்து போன பெண். அவனுக்கு எது பிடிக்குமோ அது பிடிக்கும் இவளுக்கு. சண்டைகூட அவன் கேட்ட அளவுக்குத்தான் போட்டிருப்பாள். அவனுக்குத் தெரியாத ஒரு சொல் இவளிடமிருந்து வரப்போவதில்லை. அது வருவதற்கு ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி கையில் கரண்டியோடு நின்றிருந்தது.

"அந்தத் தொகுப்பு என்னமோ சொன்னீங்களே," என்றாள் வசந்தாமணி. "அது வாங்குனா என்னைய அம்மான்னு கூப்பிடுவாளா?"

"கூப்பிடுவா."

"என்ன செய்யோணும்?"

மேசைமேல் பட்டை கிடந்தது. சாம்பல் நிறத்தில், துணி மாதிரி. அவன் அதைக் காட்டினான்.

"இதை நெத்தியில கட்டிக்கணும். அவ கேப்பா, நீங்க சொல்லணும். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆரம்பிச்சிடும். ஆனா அத்தை, இது எடுத்துக்கும். திருப்பித் தராது."

"எதைய?"

"ஞாபகத்தை. அவ பேரு, மொகம் எல்லாம் தெரியும். மக இருந்தான்னு தெரியும். ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது. எனக்கு இப்ப அப்படித்தான் இருக்கு. நீங்க அழுவறீங்க. நான் அழுது பாத்திருக்கீங்களா?"

வசந்தாமணி அவனை உற்றுப் பார்த்தாள்.

"நெஞ்சழுத்தக்காரர்னு நெனைச்சேனுங்க," என்றாள்.

"வேண்டாம் அத்தை."

"கண்ணை மூடுனா அவதான் மாப்ள. காய்ச்சல்ல 'அம்மா கசக்குது, அம்மா கசக்குது'ன்னாளே, அதேதான் காதுல கேக்குது. கசப்பே தெரியாத புள்ளைக்கு வாய் கசந்துச்சு பாருங்க."

"வேண்டாம்னா வேண்டாம். நீங்க சமையலைப் பாருங்க."

இரண்டும் சமைத்தாள். பாகற்காய் பொரியலும் சேமியாப் பாயசமும் பக்கத்துப் பக்கத்தில் ஆவி விட்டன. திரையை அவன் அணைக்கவில்லை. சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் சிந்துஜா தெரிவாள். "நல்ல வாசம் வருது, யாருங்க சமைக்கிறது?" என்று அவள் கேட்டாள். "வாசம் உனக்கு வராதுங்க கண்ணு, சும்மா சொல்லாத," என்று அங்கிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வசந்தாமணி மறுபடி அழுது மூக்கை உறிஞ்சும் சத்தம். சிவப்புக் கோடு நகக்கண் அளவுக்கு வந்திருந்தது. சிந்துஜா அடிக்கடி கேட் பக்கம் போய் வந்தாள்.

இலை போட்டுப் படைத்தார்கள். சூடம் காட்டினார்கள். காக்கைக்கு வைக்கும் கவளத்தை வசந்தாமணி ஓர் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தாள். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிட முடியும்.

"நீங்களே கொண்டு போய் வெச்சுட்டு வாங்க மாப்ள. எடுக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு வாங்க."

வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் திரும்பிப் பார்த்தான். மேசைமேல் பட்டை கிடந்தது. அதை எடுத்து அலமாரிக்குள் போட்டுப் பூட்டுவது பெரிய வேலையில்லை. கையில் கவளம் இருந்தது. படியேறினான்.

மொட்டை மாடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டான். கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பாகற்காயைக் கொத்திக்கொண்டு பறந்தது. இன்னொன்று வந்து மிச்சத்தை முடித்தது. இலைத்துண்டு காற்றில் பறந்து தெருவில் விழுந்தது.

இனி கீழே போகலாம். நவநீதன் போகவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. காற்று ஈரமாக இருந்தது. பிடரியில் பட்டது. அந்தக் கை அங்கேதான் இருந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. கேள்வி ஒரு குரல், பதில் ஒரு குரல். ஒரு கட்டத்தில் மாமியார் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை. சின்னப் பெண் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. நீண்டு, தேய்ந்து, நின்றது. பிறகு பேச்சும் நின்றது.

அவன் எதையும் முடிவு செய்யவில்லை. மாடியில் நின்றான், அவ்வளவுதான்.

கீழே வந்தபோது வசந்தாமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம், கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. பட்டை அழகாகச் சுருட்டி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது.

"காக்கா எடுத்துச்சுங்களா மாப்ள?"

"எடுத்துச்சு."

"அப்பச் சாப்பிடலாமுங்க. நல்ல பசி."

திரையில் வெயில் அப்படியே இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் புதிதாக மாடு கட்டுகிற ஒரு கட்டுத்தறி முளைத்திருந்தது. கிணறு, துவைக்கிற கல், பூவரச மரம். கோபி வீட்டுக்குப் போனபோது அவன் அதையெல்லாம் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை. சிந்துஜா துவைக்கிற கல்மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் கோடு பச்சைப் பசேலென்று நீண்டிருந்தது.

"அம்மா!" என்று கத்தினாள். "அம்மா, இங்க பாரேன்! செவலை கன்னு போட்டப்ப என்னையத்தான் முதல்ல எழுப்பின, அக்காளை எழுப்பல, உண்மையா இல்லையா?"

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் பேச்சுக் கொடுக்கும் பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"சொல்லுங்கம்மிணி," என்றாள்.

சிந்துஜாவின் கால் ஆட்டம் நின்றது.

"அம்மா?"

"கேக்குதுங்க. சொல்லுங்க." பிறகு நவநீதனிடம், "நல்ல கலகலன்னு பேசறா மாப்ள. மனசு லேசா இருக்குதுங்க. இந்த ஒரு வருசமா நெஞ்சு மேல அம்மிக்கல்லை வெச்ச மாதிரி இருந்துச்சு," என்றாள்.

திரையில் சிந்துஜா எழுந்து கிட்டே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த மாதிரி ஒரு பார்வை அவன் தலையிலிருந்து போனதில்லை.

"எங்கம்மாவை என்ன பண்ணுனீங்க?"

அவன் எதிர்பார்த்த சொல் அதுதான். அவன் தலையிலிருந்து போகாத சொல். கேட்டான். உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தான். ஓசை சரியாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

இலைமுன் உட்கார்ந்தார்கள். வசந்தாமணி பொரியலில் ஒரு துண்டை வாயில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"யாருங்க இத்தனை பாவக்காய் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான் அத்தை."

"அப்படிங்களா?" இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். "பாயசம் கொஞ்சம் ஊத்துங்க."

திரையின் மூலையில் ஒரு பெட்டி ஒளிர்ந்தது. 'உடன்பிறப்பு' தொகுப்பு இப்போது பொருந்துமாம். அதற்குக் கீழே, 'மழைக்காலம்' இன்னும் காத்திருந்தது.

வசந்தாமணியின் கைப்பேசி அடித்தது. கோகிலவாணி. வண்டியை நிறுத்திவிட்டாளாம், கீழேதான் இருக்கிறாளாம். அவள் பேச முடியாமல் அழுவது கைப்பேசிக்கு வெளியே கேட்டது.

"வா கண்ணு, மேல வா. அம்மா நல்லா இருக்கறேன். ஆமா, அழுவல. வா, சொல்றேன்."

கைப்பேசியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"பாவமுங்க மாப்ள. தங்கச்சி போனதுல இருந்து அவளும் சரியாத் தூங்கல. மாத்திரை போடறா." மேசைமேல் இருந்த பட்டையை எடுத்தாள். பிரித்து, முந்தானையால் ஒரு தரம் துடைத்து, மூன்றாவது இலைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

"வேண்டாம்," என்றாள் சிந்துஜா. "அக்காளை உள்ள உடாதீங்க. ஏனுங்க, உங்களைத்தான். கேக்குதா? அவளுக்காவது நான் இருக்கட்டும். கதவைத் தொறக்காதீங்க!"

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஜன்னல் கம்பியில் முதல் துளிகள் விழுந்தன. சாரல் உள்ளே அடித்தது. நவநீதனின் கை தானாகப் பிடரிக்குப் போனது. அங்கே இன்னும் சில்லென்றிருந்தது.

"கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க மாப்ள," என்றபடி வசந்தாமணி கதவைத் திறக்கப் போனாள். "அவ வந்ததும் வராததுமா பயந்துக்கப் போறா."

நவநீதன் ரிமோட்டை எடுத்துக் குறைத்தான். வெயிலில் நின்று சிந்துஜா பேசிக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.